ஜனாஸாவுக்கு முன்னால்

ஒரு மஹல்லாவில் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தவுடன் ஜமாஅத் அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி, அவருக்கு ஜனாஸா தொழுகை உண்டா என்பதுதான். கேள்வி நியாயமானது, ஃபிக்ஹு நூல்களில் அதற்கு விடையும் இருக்கிறது. ஆனால் அக்கேள்வி எழும் நேரத்தில் காப்பாற்ற வேண்டிய உயிர் போய்விட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு அவர் யாரிடம் மனம்விட்டுப் பேசினார், கேட்டவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்ததா என்பதை நாம் அரிதாகவே கேட்கிறோம். மருத்துவர், செவிலியர், ஆசிரியர், இமாம், தன்னார்வலர் என மக்களுக்குப் பணிபுரிவோரைத் தற்கொலைத் தடுப்புக்குப் பயிற்றுவிக்கும் வழக்கம் உலகில் எழுபது ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. அந்த வரலாற்றில் நமக்குரிய பக்கம் எங்கே தொடங்கியது, எங்கே அறுந்தது, இப்போது யார் அதை மீண்டும் எழுதுகிறார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

தொடக்கம் மதீனாவிலேயே இருக்கிறது. தவ்ஸ் கோத்திரத்தைச் சேர்ந்த துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்தபோது அவர்களுடன் அதே கோத்திரத்தைச் சேர்ந்த இன்னொருவரும் வந்தார். மதீனாவின் தட்பவெப்பம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோயுற்றார்; வேதனை தாங்காமல் தம் கைகளுக்குத் தாமே ஊறு செய்துகொண்டு இறந்துபோனார். பின்னர் துஃபைல் (ரலி) அவர்கள் அவரைக் கனவில் கண்டார்கள். அழகிய தோற்றத்தில் இருந்தார். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டால் அல்லாஹ் தம்மை மன்னித்ததாகவும், தாமே கெடுத்துக்கொண்ட கைகள் மட்டும் சீராக்கப்படவில்லை என்றும் அவர் கூறினார். துஃபைல் (ரலி) அவர்கள் இதை நபி (ஸல்) அவர்களிடம் தெரிவித்தபோது, அந்தக் கைகளுக்கும் மன்னிப்பு வேண்டி நபியவர்கள் துஆ செய்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில், ஈமான் பற்றிய பகுதியில் இடம்பெற்றுள்ளது. தன்னை மாய்த்துக்கொண்டவர் அதனால் மட்டும் காஃபிராகிவிடுவதில்லை என்பதற்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

இந்த ஹதீஸ் நம் பயான்களில் எத்தனை முறை ஒலித்திருக்கிறது என்று வாசகர்கள் நினைத்துப் பார்க்கட்டும். தற்கொலை செய்தவருக்கு மறுமையில் உள்ள தண்டனையைச் சொல்லும் கடுமையான ஹதீஸ்கள் ஒலித்த அளவுக்கு இது ஒலித்ததில்லை. அவையும் ஸஹீஹானவையே. தற்கொலை ஹராம், பெரும்பாவங்களில் ஒன்று என்பதில் எந்த மத்ஹபிலும் இரண்டு கருத்து இல்லை. அதைத் தளர்த்துவது நம் நோக்கமும் அன்று. ஆயினும் அந்த எச்சரிக்கை, நிதானத்தில் உள்ளவரின் உள்ளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டிய வேலி. நாள்கணக்கில் உறக்கமின்றி, தான் வாழ்வதே பிறருக்குச் சுமை என்று நம்பிக் கூனிப்போய் நம் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நரகத்தைப் பற்றி மட்டும் பேசினால், அவர் வாயை மூடிக்கொள்வார். வாயை மூடிக்கொண்டவரைக் காப்பாற்றுவது கடினம்.

ஜனாஸா தொழுகையைப் பொறுத்தும் நிலை இதுதான். அத்தகைய ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்கவில்லை என்று ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. உமர் இப்னு அப்துல் அஸீஸ், அவ்ஸாயீ (ரஹ்) போன்றோர் அதைக்கொண்டு தொழுகை இல்லை என்றனர். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் ஆட்சித் தலைவர் மட்டும் விலகியிருக்க, மற்றவர்கள் தொழ வேண்டும் என்றார்கள். இமாம்கள் அபூ ஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மையோரின் முடிவோ தொழுகை உண்டு என்பதாகும். ஆகவே ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் வாழும் நம் பகுதியில், பெற்ற பிள்ளைக்குத் தொழுகை மறுக்கப்பட்டுவிடுமோ என்று ஒரு தாய் நடுங்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் சில ஊர்களில் இரவோடிரவாக அடக்கம் முடிந்துவிடுகிறது. வயிற்றுவலி என்று ஊருக்குச் சொல்லப்படுகிறது. மறைத்த வீட்டில் மிஞ்சியிருக்கும் சகோதரனோ மனைவியோ அதே இருளுக்குள் தனியே நடக்கிறார்கள்; துக்கம் விசாரிக்க வருவோரிடமும் அவர்களால் உண்மையைச் சொல்லி அழ முடிவதில்லை.

அல்குர்ஆனில் மர்யம் (அலை) அவர்களின் நிகழ்ச்சியை நாம் எல்லோரும் ஓதுகிறோம். பிரசவ வேதனையில், ஊராரின் பழிச்சொல் காத்திருக்கும் நிலையில், இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கினார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அதில் இல்லை. ஆனால் மரணத்தை விரும்பிய சொல் அது. அதற்கு வந்த பதிலில் கண்டிப்பு இல்லை. கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை, கையெட்டும் தூரத்தில் பேரீத்தம்பழம், உண்டு பருகிக் கண்குளிர்ந்திருக்கும்படி அறிவுரை. மனிதர் எவரும் வந்து கேள்வி கேட்டால் அன்று பேசாமலிருப்பதற்கும் ஒரு வழி காட்டப்பட்டது. துயரத்தின் உச்சியில் நிற்பவருக்கு முதலில் தேவைப்படுபவை எவை என்று இந்த நாலைந்து வசனங்கள் காட்டும் வரிசையை, இன்றைய பயிற்சி நூல்கள் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதை அறிவுத்துறையாக வளர்த்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஹிஜ்ரி 322, கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். கோபம், துக்கம், அச்சம், வஸ்வாஸ் என உள்ளத்தின் நோய்களை அவர் வகைப்படுத்தினார். துக்கத்தை இரண்டாகப் பிரித்ததே அவருடைய சிறப்பு. ஒன்று, இழப்பு முதலான காரணம் தெரிந்த துக்கம். மற்றொன்று, காரணம் எதுவும் தெரியாமல் உடலின் கோளாற்றால் எழும் துக்கம். அதற்கு உடலுக்கும் மருந்து வேண்டும் என்றார். உனக்கு என்ன குறை, எல்லாம் இருந்தும் ஏன் அழுகிறாய் என்று இன்றும் வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் பதில் எழுதிவிட்டார். ஸூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி (ரஹ்) அந்நூலின் உள்ளம் பற்றிய பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகுதான் நம்மில் பலருக்கு அதன் பெயரே தெரிய வந்தது.

நூலோடு நில்லாமல் மருத்துவமனைகளும் எழுந்தன. திமிஷ்க்கில் 1154இல் நூருத்தீன் கட்டிய பீமாரிஸ்தான், கெய்ரோவில் 1284இல் கலாவூன் எழுப்பியது, அலெப்போவில் 1354இல் அர்கூன் பெயரால் அமைந்தது, எதிர்னேயில் 1488இல் இரண்டாம் பாயஸீத் கட்டியது என அந்த வரிசை நீள்கிறது. உள்ளம் நலிந்தோருக்கு அவற்றில் இடம் இருந்தது. செலவை வக்ஃப் சொத்துகள் ஏற்றன. அவற்றிலும் சங்கிலி அறவே இல்லாமலில்லை. பொற்காலம் என்று மிகைப்படுத்தி எழுதுவதில் நமக்கு விருப்பம் இல்லை. உள்ளத்தின் நோயைச் சமுதாயத்தின் பொறுப்பாக ஏற்று, அதற்குப் பள்ளிவாசலைப் போலவே வக்ஃப் எழுதிவைத்தார்கள் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. இன்று நம் ஊர்களில் அந்த வகைக்கென எழுதப்பட்ட வக்ஃபு சொத்து எத்தனை?

பிற்காலத்தில் அந்த இழை அறுந்தது. அறுத்தவற்றுள் ஒன்று சட்டம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஷரீஅத்தில் ஹத்து தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. ஆனால் 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் காவல்துறை வரும் என்ற அச்சம் ஒன்றரை நூற்றாண்டு காலம் வீடுகளின் கதவைச் சாத்தி வைத்தது. இங்கிலாந்து தன் நாட்டில் அந்தச் சட்டத்தை 1961இலேயே கைவிட்டது. இலங்கை 1998இல் நீக்கியது. பாகிஸ்தான் 2022 டிசம்பரிலும் மலேசியா 2023இலும் நீக்கின. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது; 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கில் முயல்வது மட்டுமே குற்றமாக எஞ்சியிருக்கிறது. சட்டம் மாறியது நம் குடும்பங்களுக்குத் தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியாது. வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போவதைத் தாமதிப்போர் இன்றும் இருக்கிறார்கள்.

இனி, பயிற்சி எங்கே பிறந்தது என்பதைப் பார்ப்போம். 1935இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வரா என்ற இளம் பாதிரியார் தம் முதல் அடக்கச் சடங்கை நடத்தினார். இறந்தவள் பதினான்கு வயதுச் சிறுமி. முதல் மாதவிடாயைத் தீய நோயென்று எண்ணி அஞ்சி, கேட்பதற்கு ஒருவர் இல்லாமல் உயிரை விட்டவள். அந்தச் சாவு அவரை விடவில்லை. 1953 நவம்பரில் லண்டன் தேவாலயம் ஒன்றில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, இறக்க நினைப்போர் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரிலும் பலர் வந்தனர். அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் சிலர் அமர்ந்தனர். சில மாதங்களில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார்: தேநீர் கொடுத்தவரிடமே மனப்பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, தம்மைப் பார்க்காமலேயே பலர் வீடு திரும்பினர். 1954 பிப்ரவரியில் கேட்கும் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு இவ்வாறு உருவானது. மார்க்க அறிஞர்களாகிய நாங்கள் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உபதேசம் செய்யத் தகுதி பெற்றவர் அறைக்குள் இருந்தார். உயிரைப் பிடித்து நிறுத்தியதோ வெளியே அமர்ந்து காதுகொடுத்தவர்.

அந்த வழியில் இலங்கையில் 1974இல் சுமித்ராயோ தொடங்கியது. சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ஸ்நேகாவைத் தொடங்கினார். கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை இத்தகைய அமைப்புகள் நிலைநாட்டின. இடைமறிக்காமல் கேட்பது, தீர்ப்புச் சொல்லாமலிருப்பது, ஆபத்தின் அளவை உணர்வது, தேவைப்படும்போது மருத்துவரிடம் சேர்ப்பது ஆகியவை படித்துப் பழக வேண்டிய திறன்கள். இறக்கும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அவ்வாறு நேர்வதில்லை என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. நேராகக் கேட்கப்பட்டவர் பெரும்பாலும் நிம்மதியே அடைகிறார்; யாரோ ஒருவர் தம்மைக் கண்டுகொண்டார் என்ற நிம்மதி.

ஆனால் ஒரே பாடம் எல்லாச் சமுதாயத்துக்கும் அப்படியே பொருந்துவதில்லை. அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டுக் கருத்தாய்வு ஒன்றின் தரவுகளைக்கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 2021இல் ஜாமா சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்தது. வாழ்வில் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லும் வாய்ப்பு முஸ்லிம்களிடையே மற்ற சமயத்தவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று அது கணித்தது. அந்த நாட்டின் கணக்கை நம் நாட்டுக்குப் பொருத்த முடியாது; அங்குள்ள பாகுபாடும் தனிமையும் வேறு. ஆயினும் ஈமான் உள்ளவனுக்கு இந்த நோயே வராது என்ற நம்பிக்கையை அது உலுக்கியது. ஆய்வை வழிநடத்திய ரானியா அவ்வாத் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர். திமிஷ்க்கில் மார்க்கக் கல்வி பயின்றவர். அவரும் அவருடைய குழுவினரும் இமாம்களுக்கும் சமுதாயப் பணியாளர்களுக்கும் தற்கொலைத் தடுப்புப் பயிற்சியை வகுத்தனர். வருமுன் காத்தல், நெருக்கடியில் தலையிடுதல், ஓர் இறப்புக்குப் பின் குடும்பத்தையும் ஜமாஅத்தையும் தாங்குதல் என மூன்று நிலைகள் அதில் உள்ளன. அந்தப் பணிக்கெனத் தொடங்கிய அமைப்புக்கு மாரிஸ்தான் என்று பழைய மருத்துவமனைகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு; கசப்பான முன்கதை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடிவந்த மனநோயாளிகளைத் தனியார் தங்கவைத்திருந்த இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். பல சமயத்தவரும் அங்கே கொண்டுவந்து விடப்பட்டிருந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. தர்கா பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இப்போது போகவில்லை. எந்தக் கருத்துடையவராயினும், நோயாளியைக் குடும்பம் முதலில் கொண்டுசெல்லும் இடம் மருத்துவமனையாக இருப்பதில்லை என்ற உண்மையை அந்தத் தீ எல்லோருக்கும் காட்டியது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் அதற்கொரு விடை முயலப்பட்டது. முஜாவர்களைப் பகைக்காமல், அவர்களுக்கே நோயின் அறிகுறிகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்து, வளாகத்திலேயே மருத்துவரை அமர்த்தினார்கள். ஓதிப் பார்ப்பவர் தொடர்ந்து ஓதினார்; அடுத்த அறைக்குப் போய் மருந்தும் வாங்கும்படி அவரே சொன்னார். தவா–துஆ என்று பெயர்பெற்ற அந்த முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. வெளியூர் மருத்துவர் பத்து முறை சொல்லியும் கேட்காத குடும்பம், துஆ செய்தவர் ஒருமுறை சொன்னதும் கேட்டது. பண்பாட்டை அறிந்து பயிற்சி தருதல் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

அப்படியொரு பயிற்சி நம் பகுதியில் நடந்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? பணியாளர்கள் முதலில் நம் மொழியை அறிய வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று செவிலியர் கேட்டால், அது ஹராமாயிற்றே என்று நம் பெண்கள் தலையசைத்து மறுத்துவிடுவார்கள். அதே பெண் தொழுகை விரிப்பில் அமர்ந்து, ஹயாத்து போதும் ரப்பே, சீக்கிரம் எடுத்துக்கொள் என்று அழுதிருப்பார். மவுத்து வரமாட்டேன் என்கிறதே என்ற புலம்பலைக் கேட்கும் வீட்டார் அதைப் பற்றற்ற தன்மை என்றுகூட எண்ணிவிடுவார்கள். தூங்கி எழாமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறதா என்று தொடங்கி, படிப்படியாக நேர்க்கேள்விக்கு வரத் தெரிந்தவரிடமே உண்மை வெளிப்படும். கேட்கும் இடமும் முக்கியம். மாமியாரையோ கணவரையோ அருகில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு வரும் பதிலில் பயன் இல்லை. பெண்ணிடம் பெண் தனியே பேச வேண்டும். கணவர் வளைகுடாவில், வீட்டு முடிவு எடுப்பவர் வேறொருவர் என்ற சூழலில் இது இன்னும் அவசியம். இத்தாவில் இருக்கும் விதவை மருத்துவத் தேவைக்கு வெளியே செல்லலாம் என்பதையும், நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதையும் மருத்துவர் அறிந்திருந்தால், குடும்பத்தாரின் தயக்கம் பாதி குறையும். ரமளானில் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் பலர். நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செய்வினை, ஜின் என்று குடும்பம் பேசும்போது ஏளனமாகச் சிரிக்கும் மருத்துவரிடம் அவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

மறுபக்கம், இமாம்களும் உஸ்தாதுகளும் ஆலிமாக்களும் கற்க வேண்டியவை உள்ளன. நாங்கள் ஓதிய பாடத்திட்டத்தில் தற்கொலை செய்தவரின் ஜனாஸா பற்றிய மஸ்அலா இருந்தது. உயிரோடு வந்து நிற்பவரிடம் என்ன பேசுவது என்ற பாடம் இல்லை. ஈமான் பலவீனம் என்ற சொல்லை அந்த நேரத்தில் உச்சரிக்காமலிருக்கப் பழக வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கலாகாது. அமானிதம் பெரியதுதான், உயிரைக் காப்பது அதைவிட முந்தியது. ஆபத்து உடனடியானது என்று தெரிந்தால் அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்தச் செய்து, மருத்துவரிடம் உடன் போக வேண்டும். ஓர் இறப்பு நேர்ந்த வாரத்தின் ஜும்ஆவில் எப்படி இறந்தார் என்று விவரிப்பதும் பெயரைச் சொல்லிக் கண்டிப்பதும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் வரிசைகளில் அதே எண்ணத்தோடு இன்னொருவர் அமர்ந்திருக்கலாம். மூன்று நாள் துக்கம் முடிந்த பிறகும் அந்த வீட்டுக்கு யாரேனும் போய்வர வேண்டும். உணவு கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஜமாஅத் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸாக் கூடத்தைத் திறந்து, இமாமையும் மோதினாரையும் நிஸ்வான் மதரஸா ஆசிரியைகளையும் ஒன்றாக உட்காரவைத்து அவரை அழைத்தால் முதல் வகுப்பு நடந்துவிடும். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்று எந்த மஹல்லாவும் சொல்ல முடியாது.

இதை வாசிக்கும் எவருக்கேனும், அல்லது அவருடைய வீட்டில் ஒருவருக்கு, அத்தகைய எண்ணம் இப்போது இருக்குமாயின் இந்தியாவில் டெலி மானஸ் இலவச எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். ஸ்நேகாவின் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேர அட்டவணைக்குக் கீழே, இந்த எண்களை எழுதிவைக்கும்படி முத்தவல்லிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.